கூடமும் சேர்ந்து ஆடும்

டெக்சாஸின் ஆலன் நகரில், மாடியில் சலவை அறை இருக்கும் தமிழர் வீடுகளில், வீட்டுக்கு ஒரு பொறியாளர் இருப்பார். அவரிடம் ஒரு தீர்ப்பும் தயாராக இருக்கும். வாஷிங் மெஷின் துணி பிழியத் தொடங்கி, மரத்தரை தடதடத்து, கீழே பூஜை மணி தானாகக் குலுங்கும்போதும் அவர் அசையமாட்டார். "ரெசொனன்ஸ்தான். ஒரு வேகத்துல அப்படித்தான் ஆடும். மோட்டார் பவரா இருந்தா அதைத் தாண்டிப் போயிடும்" என்பார்.

ஒவ்வொரு இயந்திரத்துக்கும் மாறாத ஓர் இயல்பு அதிர்வெண் உண்டு. சக்தியுள்ள மோட்டார் அந்த அதிர்வெண்ணைத் தாண்டிவிடும். அந்த அதிர்வெண் இயந்திரத்துக்கே சொந்தம். இந்த நம்பிக்கையின் மூன்று கால்களும் ஆட்டம் கண்டவை.

முதல் காலை ஒடிக்கப் பள்ளிக்கூட ஊஞ்சலே போதும். ரெசொனன்ஸ் என்கிற ஒத்ததிர்வைப் புரியவைக்க எல்லோரும் காட்டும் உதாரணம் அது. ஆனால் ஊசலின் அலைவுநேரம் மாறாது என்ற பாடம் சிறு கோணத்துக்கு மட்டுமே பொருந்தும். ஊசலைக் கிடைமட்டம் வரை, 90 பாகை தூக்கி விட்டால் அலைவுநேரம் ஏறக்குறைய 18 சதவீதம் நீண்டுவிடும். ஆட்டம் பெரிதானால் அதிர்வெண்ணும் மாறும். இதுதான் நேரியலற்ற அதிர்வு. தேர்வு முடிந்ததும் 'சிறு கோணம்' என்ற நிபந்தனையை மறந்துவிட்டோம். சூத்திரத்தை மட்டும் கூடவே விமானம் ஏற்றிக் கொண்டுவந்தோம்.

மெஷினின் காலடியில் வைக்கும் ரப்பர் பட்டையைப் பாருங்கள். அழுத்த அழுத்த அது இறுகும். ஆட்டம் கூடினால் விறைப்பு கூடும், அதோடு அதிர்வெண்ணும் மேலே நகரும். நீங்கள் வேகத்தைக் கூட்டினால் ஒத்ததிர்வும் பின்னாலேயே ஓடிவரும்; ஒரு கட்டத்தில் சட்டென்று கைவிடும். வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்தாலோ, அதே இடத்தில் அது திரும்பப் பிடிக்காது. இன்னும் குறைந்த வேகத்தில் திடீரென்று வந்து ஒட்டிக்கொள்ளும். ஜெர்மன் பொறியாளர் கியோர்க் டஃபிங் 1918-ல் எழுதிய நூலால் இந்த வகை அதிர்வு இன்றும் அவர் பெயரில் அறியப்படுகிறது. ஏறும்போது ஒரு வேகம், இறங்கும்போது வேறொரு வேகம் என்றால், எந்த எண்ணைத் தாண்டப் போகிறீர்கள்?

இரண்டாவது கால், மோட்டாரின் வல்லமை. 1902-ல் ஆகன் நகரப் பேராசிரியர் ஆர்னால்ட் சோமர்ஃபெல்ட், சமநிலையற்ற எடை பூட்டிய சிறு மோட்டாரை ஒரு மேசைமேல் வைத்து ஓட்டினார். மின்திறனைக் கூட்டக் கூட்ட வேகம் ஏறியது. மேசையின் அதிர்வெண்ணை நெருங்கியதும் வேகம் அங்கேயே சிக்கிக்கொண்டது. மேலும் திறன் கொடுத்தார். மேசைதான் கூடுதலாக ஆடியது. ஊட்டிய திறனை மேசை தின்றுகொண்டிருந்தது. இன்னும் கொடுத்தபோது மோட்டார் பிய்த்துக்கொண்டு மேலே பாய்ந்தது, மேசை அடங்கியது. மோட்டார் எஜமான், இயந்திரம் அடிமை என்ற எண்ணம் அன்றே பொய்த்துப்போனது. ஆட்டுபவனையும் ஆட்டம் பிடித்துவைக்கும்.

மூன்றாவது காலுக்கு நம் பழமொழியே சாட்சி. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அதிர்வியலில் மட்டும் அவள் சொன்னதில் பாதி நியாயம். 25 சென்டிமீட்டர் ஆரத்தில் அரைக் கிலோ ஈரத்துணி ஒருபக்கமாகச் சேர்ந்து நிமிடத்துக்கு 1,200 முறை சுற்றினால், ஏறக்குறைய 200 கிலோ எடைக்குச் சமமான விசை, நொடிக்கு 20 தடவை திசை மாறித் தாக்குகிறது. கீழ்த்தளத்துக் கான்கிரீட் இதைத் தாங்கிக்கொண்டு சும்மா இருக்கும். மாடியின் மரத்தரை கூடவே ஆடும். மெஷின் அதே மெஷின்தான், அதிர்வெண் வேறு.

கோவையிலிருந்து வந்த கிரைண்டர் கதையும் இதுவே. ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர் வைத்ததும் எல்லாம் சரியாயிற்று என்று நினைக்கிறோம். அது வோல்ட்டேஜை மட்டும்தான் ஏற்றும். 50 ஹெர்ட்ஸுக்குச் செய்த மோட்டார் இங்கே 60 ஹெர்ட்ஸில் ஓடும். வேகம் சுமார் 20 சதவீதம் கூடினால் சமநிலையின்மையால் எழும் விசை 44 சதவீதம் கூடும். பிறகு, ஊரில் சமர்த்தாக அரைத்த கிரைண்டர் இங்கே நடைபோடுகிறதே என்று ஆச்சரியப்படுகிறோம்.

வீட்டோடு போகிற விஷயமா இது? ஹூஸ்டன் பக்கம் மீனாட்சி கோயிலுக்குப் போகும் நம்மவர்கள் 45-ம் நெடுஞ்சாலையில் பஃபலோ என்ற சிற்றூரைக் கடக்கிறார்கள். 1959 செப்டம்பர் 29 இரவு, ஹூஸ்டனிலிருந்து டாலஸுக்கு வந்த பிரானிஃப் நிறுவனத்தின் லாக்ஹீட் எலக்ட்ரா விமானம் அந்த ஊருக்கு அருகே வானிலேயே சிதறியது. 34 பேரும் இறந்தனர். விமானம் வாங்கி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அடுத்த மார்ச்சில் இந்தியானாவில் இன்னொரு எலக்ட்ரா, 63 பேர். இன்ஜினைத் தாங்கும் அமைப்பு பலவீனப்பட்டதும் ப்ரொப்பெல்லர் பம்பரம்போலத் தள்ளாடியது என்பது ஆய்வில் தெரிந்தது. தள்ளாட்டம் வளர வளர அதன் அதிர்வெண் இறங்கி, இறக்கையின் அதிர்வெண்ணோடு போய்ச் சேர்ந்தது. இது வெளியிலிருந்து தூண்டும் எளிய ஒத்ததிர்வு அல்ல, காற்றிலிருந்து தானே தீனி எடுத்த அதிர்வு. ஆனால் பாடம் ஒன்றுதான்: வரைபடத்தில் விலகி நின்ற இரண்டு எண்கள் வானத்தில் ஒன்றாயின.

நேரியல் கணக்கே தப்பு என்று நான் வாதிடவில்லை. சிறு அதிர்வுக்கு அது பொன்னான கணக்கு. எந்த வடிவமைப்பும் அங்கேதான் தொடங்க வேண்டும். அங்கேயே முடிப்பதுதான் தவறு. மோட்டார் கட்டுப்பாட்டுக் கருவியில் 'இந்த வேகத்தைத் தவிர்' என்று ஒரு பட்டையைக் குறித்துவிட்டுத் தூங்கப் போகிறவர், வேகத்தை மெல்ல ஏற்றியும் மெல்ல இறக்கியும் இருமுறை அளந்தாரா? பாதிச் சுமையிலும் முழுச் சுமையிலும் பார்த்தாரா? மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தைக் கவனித்தாரா? வேகம் ஏறாமல் மின்னோட்டம் மட்டும் ஏறினால் அது சோமர்ஃபெல்டின் மேசைதான்.

அடுத்த சனிக்கிழமை மெஷின் ஆடும்போது தீர்ப்பைச் சற்றுத் தள்ளிவையுங்கள். ஓர் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் நிரப்பி அருகே தரையில் வையுங்கள். மெஷின் வேகம் எடுக்கும்போது எப்போது கலங்கியது, அடங்கும்போது எப்போது கலங்கியது என்று பாருங்கள். இரண்டும் ஒரே வேகத்தில்தானா என்று டம்ளரைக் கேட்டுவிட்டு அப்புறம் சொல்லுங்கள்.