மன்னார்க் கடலின் இரு கரைகள்

தூத்துக்குடித் துறையினின்று மாலையிற் புறப்படும் கப்பல் மறுநாட் காலையிற் கொழும்பை எட்டிவிடும். இடையிலுள்ளது ஒரே கடல். அதன் அடியிற் கிடக்கும் முத்துப்பார்களில் விளைவதும் ஒரே இனச் சிப்பி. கொற்கைத்துறை சிறந்திருந்த நாள்தொட்டு இருகரையிலும் மூச்சடக்கி மூழ்கிய குளியாளிகளின் வாயிற் பெரிதும் வழங்கியது தமிழே. ஆயினும் 1947-இலும் 1948-இலும் ஆங்கிலேயர் அகன்றபின் இக்கரையை ஓர் அரசும் அக்கரையை மற்றோர் அரசும் ஆளத் தொடங்கின. முக்கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. இவ்விரண்டனுள் எந்நாடு தன் மக்களை நன்கு வாழவைத்தது எனக் கணக்கெடுத்துப் பார்க்கத் தூத்துக்குடிக் கரையைவிடத் தகுந்த இடம் வேறில்லை.

2022-இல் இலங்கை கடனில் மூழ்கியபோது, இந்தியப் பெருமை பேசுவோர் பலர் எள்ளி நகைத்தனர். அதற்கு முன்னர் இலங்கையின் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் காட்டி இந்தியாவை இழித்துரைத்தோரும் உளர். இருசாராரும் ஏட்டின் ஒரு பக்கத்தை மட்டுமே படித்தவராவர். நாட்டுக்கு அணியாவன எவையென வகுத்த திருவள்ளுவர் பொருளொன்றை மட்டும் வைத்து நிறுத்தினாரல்லர். நோயற்ற வாழ்வு, பொருள், விளைச்சல், மகிழ்ச்சி, காவல் ஆகிய ஐந்தையும் ஒருங்கே எண்ணினார். வருவாய் என்றும் வாழ்வுத்தரம் என்றும் நிலைபேறு என்றும் இற்றைப் பொருளியலார் பிரித்துரைப்பன எல்லாம் அவ்வைந்தனுள் அடங்கும். அவ்வளவுகோல் கொண்டே இரு நாடுகளையும் அளத்தல் வேண்டும்.

முதற்கண் வாழ்வுத்தரத்தைக் காண்க. இலங்கை மக்கள் 1931-இலேயே ஆண், பெண் அனைவர்க்குமான வாக்குரிமையைப் பெற்றுவிட்டனர். இந்தியர் அனைவரும் வாக்களிப்பதற்கு 1951-52 வரை காத்திருக்க நேர்ந்தது. வாக்குக் கேட்டு வந்தவர்க்கு ஊர்தோறும் பள்ளியும் மருத்துவமனையும் தரவேண்டிய கட்டாயம் உண்டாயிற்று. கன்னங்கரா கல்வியமைச்சராயிருந்தபோது, 1945-இல், தொடக்கப் பள்ளி முதல் பல்கலைக்கழகம் வரை கட்டணமில்லாக் கல்வி அங்கு நடைமுறைக்கு வந்தது. அதன் விளைவு இன்றும் தெரிகின்றது. 2020-இல் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் ஓர் அகவை நிறையுமுன் இறந்தவை இந்தியாவில் 28; இலங்கையில் ஏறத்தாழ 6. ஒன்றிய நாடுகளின் மாந்த வளர்ச்சிக் குறியீட்டில், 2023-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, இலங்கை 89-ஆம் இடத்திலும் இந்தியா 130-ஆம் இடத்திலும் நிற்கின்றன. இந்தியரின் எதிர்பார்க்கும் வாழ்நாள் 72 ஆண்டு. இலங்கையரதோ ஏறத்தாழ 77. கடனில் வீழ்ந்து எழுந்த பின்னரும் அவ்வைந்தாண்டு வேறுபாடு மறையவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளல் வேண்டும்.

வருவாயும் அத்தகையதே. மொத்தப் பொருளியலில் இந்தியா உலகின் முதல் ஐந்து நாடுகளுள் ஒன்று. அப்பெருந்தொகையைத் தலைக்கு வகுத்தால், 2024-இல் இந்தியர் ஒருவர்க்கு ஏறத்தாழ 2,700 அமெரிக்கத் தாலரும், இலங்கையர் ஒருவர்க்கு ஏறத்தாழ 4,500 தாலரும் வருகின்றன. இந்தியாவுக்குள்ளேயே தமிழ்நாட்டின் நிலை வேறு. 2020-இல் இங்குக் குழந்தை இறப்பு ஆயிரத்துக்கு 13. இந்தியக் கணக்கிற் பாதிக்கும் குறைவு. 1956-இற் காமராசர் தொடங்கிய பள்ளி நண்பகலுணவும், ஊர்தோறும் எழுந்த நலவாழ்வு நிலையங்களும் அதன் வேர்கள். வயிற்றையும் வகுப்பறையையும் ஒருசேரக் கருதிய அரசுகளின் மக்கள் நெடிது வாழ்ந்தனர் என்பதற்கு இருகரையும் சான்று.

அங்ஙனமாயின், வாழ்வுத்தரத்தில் முன்னின்ற தீவு ஏன் வீழ்ந்தது? அண்மைக் கரணியங்கள் அனைவரும் அறிந்தவை. 2019-ஆம் ஆண்டிறுதியில் கோத்தபய இராசபக்சேவின் அரசு வரிகளை வெட்டிக் குறைத்தது. பொருள்மீதான வரி 15 விழுக்காட்டினின்று 8 ஆயிற்று. அடுத்து வந்த கொள்ளைநோய் வெளிநாட்டுப் பயணிகளின் வருகையை நிறுத்தியது. 2021-இல் செயற்கையுர இறக்குமதிக்கு ஒரே நாளில் தடை விதித்தனர். நெல்லும் தேயிலையும் குன்றியபின், அவ்வாண்டு நவம்பரில் அத்தடையைத் தாமே நீக்கினர். முன்னரே வாங்கிக் குவித்திருந்த வெளிக்கடன் ஏறத்தாழ 5,100 கோடி தாலர். 2022 ஏப்பிரல் 12-இல் அக்கடனைத் திருப்ப இயலாதென அரசு அறிவித்தது. அதற்கு முந்திய திங்களில், அச்சிடத் தாளின்மையால் மேல் மாகாணப் பள்ளித் தேர்வுகள் தள்ளிவைக்கப்பட்டன. கட்டணமில்லாக் கல்வியால் உலகுக்கு வழிகாட்டிய நாட்டில் வினாத்தாளுக்குத் தாளில்லை! செப்பிடம்பரில் விலையேற்றம் ஆண்டுக்கு 70 விழுக்காட்டை ஒட்டியது. சூலையில் மக்கள் குடியரசுத் தலைவரின் மாளிகைக்குட் புகுந்தனர். அவர் நாட்டைவிட்டு ஓடிப் பதவி துறந்தார்.

முத்துக்குளிப்பை அறிந்தவர்க்கு இவ்வீழ்ச்சி புதிதன்று. முற்றாத சிப்பியை அள்ளுபவன் வருங்கால விளைவையே அள்ளுகின்றான். 1906-இல் ஆங்கில அரசு இலங்கையின் முத்துப்பார்களை இலண்டன் குழுமம் ஒன்றற்கு இருபதாண்டுக் குத்தகைக்கு விட்டது. 1907-இற்குப் பின் பல்லாண்டுகள் அப்பார்களில் முத்துக்குளிப்பே நடைபெறவில்லை, குழுமமும் கலைந்தது. 111 ஆண்டுகளுக்குப் பின்னர், 2017-இல், அம்பாந்தோட்டைத் துறைமுகத்தைச் சீனக் குழுமம் ஒன்றற்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு இலங்கை அரசு தானே விட்டது. கைப்பொருள் மீறிக் கட்டுவதும், கட்டியதைப் பிறர்க்கு எழுதிக் கொடுப்பதும் விடுதலை பெற்ற நாட்டுக்கு அழகாகா.

இவை யாவும் கிளைகளே, ஆணிவேர் வேறொன்று. விடுதலை பெற்ற 1948-ஆம் ஆண்டிலேயே, தேயிலை விளைத்து நாட்டுக்கு வெளிச்செலாவணி ஈட்டித் தந்த மலையகத் தமிழர் ஏழு இலக்கத்துக்கும் மேற்பட்டோரை நாடற்றவராக்கும் சட்டத்தை இலங்கை இயற்றியது. 1964-இற் கையெழுத்தான சிறிமாவோ-சாத்திரி ஒப்பந்தம் அவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் விதியைப் பின்னர்ப் பார்ப்பதாகத் தள்ளிவைத்தது. சரக்கைப் பங்கிடுவோரும் அதன் உடையவரைக் கேட்பர். இம்மக்களை ஒருவரும் கேட்டிலர். 1956-இற் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்னும் சட்டம் வந்தது. 1970-களிற் பல்கலைக்கழக நுழைவில் தமிழ் மாணவரின் மதிப்பெண்ணுக்குத் தனியளவுகோல் வைக்கப்பட்டது. 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரியுண்டது. 1983 சூலையில் தமிழர் கொலையுண்டனர். அதன்பின் 26 ஆண்டுப் போர். 2009-ஆம் ஆண்டின் இறுதிப் போரில் மட்டும் பொதுமக்கள் 40,000 பேர்வரை மாண்டிருக்கக் கூடுமென ஒன்றிய நாடுகளின் வல்லுநர் குழு எழுதிற்று. கற்ற தமிழர் கப்பலேறினர். பள்ளிக்கும் தொழிலுக்கும் செல்லவேண்டிய பொருள் படைக்கலத்துக்குச் சென்றது. ஒரு கையாற் கல்வியைக் கொடுத்து, மறுகையாற் கற்றவனின் மொழியைப் பறித்த நாடு, தன் உழைப்பின் பயனைத் தானே அழித்துக்கொண்டது.

அதே 1956-ஐ இக்கரையிற் காண்க. அவ்வாண்டு நவம்பர் முதல் நாளில் இந்திய மாநிலங்கள் மொழிவழியாகப் பிரிக்கப்பட்டன. தில்லி அதனை அருளாகத் தரவில்லை. ஆந்திர மாநிலத்துக்காகப் பொட்டி சீராமுலு 1952-இல் உண்ணாதிருந்து உயிர்விட்டார். தமிழ்நாடு என்னும் பெயர் முதலிய கோரிக்கைகளுக்காகச் சங்கரலிங்கனார் 1956 அக்குதோபரில் அவ்வாறே உயிர்நீத்தார். 1965-இல் இந்தித் திணிப்பை எதிர்த்து மாணவர் எழுந்தனர். பலர் துமுக்கிக் குண்டுக்கு இரையாயினர். 1967-இல் ஆட்சிமொழிச் சட்டம் திருத்தப்பட்டு, ஆங்கிலம் தொடர உறுதி கிடைத்தது. தில்லி முழுமனத்தோடு விட்டுக்கொடுத்ததில்லை. ஆயினும் விட்டுக்கொடுத்த அளவுக்கே இந்தியா நிலைபெற்றது. 1991-இல் இந்தியாவும் இறக்குமதிக்குப் பொருளின்றிப் பொன்னை வெளிநாட்டில் அடகு வைத்த நாடே. எனினும் அந்நெருக்கடியிலும் ஆட்சி தேர்தல் வழியே மாறிற்று; பொருளியல் மீண்டது; 2024-இல் வெளிச்செலாவணி இருப்பு 60,000 கோடி தாலருக்கு மேல் இருந்தது. மொழி காக்க எழுந்தவரை நாட்டைப் பிரிப்பவரெனத் தூற்றியோர் இனியேனும் இவ்விரு 1956-களையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தல் நன்று.

ஆயினும் நிலைபேறு ஒன்றே நிறைவன்று. தூத்துக்குடி அதற்குச் சான்று. இலண்டன் குழுமம் முத்துப்பாரைக் குத்தகைக்கு எடுத்த அதே 1906-இல், இத்துறையில் வ.உ.சிதம்பரனார் சுதேசிக் கப்பற் குழுமத்தைத் தொடங்கினார். கொழும்புக்குத் தமிழர் தம் கப்பலிற் செல்லவேண்டும் என்பதே அவர் வேட்கை. 1908-இல் ஆங்கிலேயர் அவரைச் சிறையிலடைத்தனர், குழுமமும் அழிந்தது. 2011-இல் துறைமுகத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அவ்வாண்டு சூனில் தொடங்கிய தூத்துக்குடி-கொழும்புப் பயணிகள் கப்பலோ நவம்பருக்குள் நின்றுபோயிற்று. 2023-இற் கொழும்பு கையாண்ட சரக்குப்பெட்டகங்கள் இருபதடிக் கணக்கில் ஏறத்தாழ 70 இலக்கம். தூத்துக்குடி கையாண்டவை 7 இலக்கத்தை ஒட்டியவை. கொழும்பிற் கப்பல் மாற்றப்படும் பெட்டகங்களிற் பெரும்பங்கு இந்தியாவுக்கு உரியவை. கடன்பட்டு வீழ்ந்த நாட்டின் துறையிலே, வீழாத நாட்டின் சரக்கு கூலி கொடுத்துக் காத்துக்கிடக்கின்றது. 2005-இல் தொடங்கிய சேதுக் கால்வாய் இடையிலே நின்றது. தூத்துக்குடி வெளித்துறைமுகத்துக்கு 2024 பெப்பிரவரியிலேதான் அடிக்கல் நாட்டப்பட்டது.

துறைமுகச் சுவருக்கு அப்பாலுள்ள உப்பளங்களிற் காண்பதென்ன? இந்தியாவிற் கூர்ச்சரத்துக்கு அடுத்து உப்பு விளையும் மாநிலம் தமிழ்நாடு. அதன் பெரும்பகுதி இம்மாவட்டத்தது. 2025-இல் மழையால் உப்பு விளைவு கெட்ட இலங்கை இந்தியாவினின்று உப்பை இறக்குமதி செய்தது. கடல்சூழ் தீவுக்கும் உப்பளிக்க வல்ல நாட்டில், அளத்திற் பாத்தி மிதிக்கும் பெண்ணுக்கு வெள்ளொளியாற் கண்ணும் உவராற் காலும் கெடுகின்றன. மழைக்காலத்தில் அவளுக்கு வேலையில்லை. அரசு தரும் 5,000 உருபா உதவித்தொகை அத்திங்கள்களின் அடுப்புக்குப் போதாது. 2018 மே திங்களில் இதே நகரில், தாமிர ஆலையை எதிர்த்துத் திரண்ட மக்கள்மீது நடந்த காவலர் துமுக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தனர். நிலைபெற்ற அரசு என்பது குடிமக்கள்பால் அச்சமற்ற அரசு என்று பொருள்படுமாயின், அந்நிலைபேற்றால் அவர்க்கு யாது பயன்?

ஆகவே கணக்கின் முடிவு இதுவே. இலங்கை தன் மக்களுக்கு நெடுவாழ்வைத் தந்தது. அவருள் ஒரு பகுதியார்க்கு ஒப்புரிமையை மறுத்தது. அம்மறுப்பே முழுநாட்டையும் ஈர்த்து வீழ்த்திற்று. இந்தியா பலமொழி மக்களையும் ஓரளவு ஒப்பி நிலைத்தது; அவர்தம் குழந்தைகளின் உயிருக்கும் உழைப்பவரின் உடலுக்கும் உரிய விலையைத் தரவில்லை. ஒன்றனிடம் உள்ளது மற்றொன்றனிடம் இல்லை. இரண்டன் குறைக்கும் விலைகொடுத்தவருள் முன்வரிசையில் நிற்போர் இருகரைத் தமிழரே.

2022-இல் ஏதிலியராய்த் தனுக்கோடி மணல் திட்டுகளில் வந்திறங்கியவரும் தமிழர். அவ்வாண்டு தமிழ்நாட்டரசு அரிசியும் பால்மாவும் மருந்தும் அனுப்பியபோது, சிங்களர், தமிழர், முசுலிம்கள் என்னும் வேறுபாடின்றி அனைவர்க்கும் அனுப்பிற்று. அக்கப்பல்களுள் ஒன்று புறப்பட்ட துறை தூத்துக்குடியே. அவ்வுணவு பசித்தவனின் மொழியை வினவவில்லை. அரசுகள் கற்கவேண்டிய பாடம் அதுவாகும்.

இனிச் செய்யவேண்டுவன தெளிவு. 1976-இற் மன்னார் வளைகுடாவில் எல்லைக்கோடு கிழித்தபோது இருகரை மீனவரையும் எவரும் கேட்டிலர். இனி நிகழும் பேச்சில் இருகரை மீனவரும் அமர்தல் வேண்டும். இழுவைமடியால் யாழ்ப்பாண, மன்னார் மீனவரின் வலைகள் அறுபடுவதைத் தமிழ்நாட்டார் ஒளிவின்றி ஒப்புதல் வேண்டும். சிறைப்பட்ட மீனவரும் படகுகளும் மீளல் வேண்டும். கொழும்புப் பயணிகள் கப்பல் மீண்டும் ஓடல் வேண்டும். வெளித்துறைமுகப் பணி தேர்தற் பேச்சோடு நில்லாது முடிதல் வேண்டும். உப்பளத் தொழிலாளிக்கு மழைக்கால வாழ்வூதியமும் கண்மருத்துவமும் உரிமையாதல் வேண்டும். அக்கரையில் தமிழ் ஏட்டளவில் நில்லாது காவல் நிலையத்திலும் நயன்மன்றத்திலும் ஆட்சிமொழியாய் நடத்தல் வேண்டும்.

தூத்துக்குடிக் கடலில் 1961-இற்குப் பின் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. பார் வளமுற வேண்டுமாயின் குஞ்சுச் சிப்பியைக் காத்தல் வேண்டும். நாடும் அத்தகையதே; பள்ளியிற் பயிலும் பிள்ளையையும், அப்பிள்ளையின் வாயிலுள்ள மொழியையும் ஒருங்கே காக்கும் நாட்டுக்கே விளைவு உண்டு. எந்நாட்டு அரசு இதனை முதலில் உணர்ந்து செய்கின்றதோ, அதனையே இருகரை மக்களும் நல்லரசு என ஒப்புவர்.