பெட்டியைப் பிரித்தால் விலை போய்விடுமாம்!



போன வாரம் நான் போட்ட படத்துக்கு வந்த பதில்களைப் பார்த்த பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. கொஞ்சம் நீளம்தான். சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

படத்தில் இருந்தவை ‘என்’ ஸ்கேல் கன்டெய்னர் வேகன்கள். (என்னுடையது என்ற ‘என்’ அல்ல, ஒன்பதைக் குறிக்கும் ஆங்கில எழுத்து. தண்டவாள அகலம் 9 மில்லிமீட்டர்.) அசலில் 160-ல் ஒரு பங்கு. ஆறு வருடமாக, பென்ஷனில் மிச்சம் பிடித்து ஒவ்வொன்றாகச் சேர்க்கிறேன்.

“ரிட்டயர் ஆனதும் பொம்மை ரயிலா சார்?” என்று கேட்டவர்கள் மேல் எனக்குக் கோபமே இல்லை. கேலி செய்கிற உரிமையை உங்களுக்கு வகுப்பிலேயே கொடுத்தவன் நான். கோபம் அடுத்த கூட்டத்தின் மேல். “அடடா, அட்டைப்பெட்டியைப் பிரிச்சுட்டீங்களே! சீல் உடைக்காம வச்சிருந்தா பத்து வருஷத்துல நல்ல விலை போகுமே!” ஒருவர் இருவர் அல்ல, ஏழு பேர். அதில் இரண்டு பேர் நான் கணக்குச் சொல்லிக் கொடுத்த பிள்ளைகள். சொந்தத்தில் ஒரு தம்பியோ ஒரு செட்டையே வாங்கி, கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை பீரோவில் வைத்திருக்கிறார். அவர் மகன் ஏழாம் வகுப்பு. பையன் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கிறான். “தொட்டா மதிப்பு குறையும்டா” என்று அவனுக்குப் பாடம் வேறு!

தம்பி, அந்தப் பொருள் என்ன என்று ஒரு நிமிடம் யோசித்தீர்களா? கன்டெய்னர் என்பதே தூக்கி மாற்றுவதற்காக வந்தது. 1956 ஏப்ரல் 26 அன்று மால்கம் மெக்லீன் என்ற லாரி முதலாளி, எண்ணெய்க் கப்பல் ஒன்றை மாற்றியமைத்து, அதன் மேல்தளத்தில் 58 பெட்டிகளை ஏற்றி, அமெரிக்காவின் நெவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். அதுவரை மூட்டை மூட்டையாகக் கப்பலில் ஏற்றி, இறக்கி, மறுபடி லாரியில் ஏற்றிய சரக்கை, பெட்டியைத் திறக்காமலே கப்பல், ரயில், லாரி என்று மாற்றலாம் என்று காட்டியதுதான் அந்தப் பயணம். சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் 1983-ல் வந்தது. நம் பள்ளி வடசென்னையில். உங்களில் பல பேருடைய அப்பாக்கள் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள். அந்தப் பெட்டி வந்ததும் வீட்டில் என்ன ஆனது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் சைக்கிளோடு நின்று, கடந்துபோகிற வேகன்களை எண்ணிவிட்டு வகுப்புக்குத் தாமதமாக வந்தவர்கள் நீங்கள். 45 வேகன், ஒவ்வொன்றிலும் 20 அடிப் பெட்டி இரண்டு என்றால் மொத்தம் எத்தனை என்று கேட்டுவிட்டுத்தானே உள்ளே விட்டேன்?

மாடல் செய்கிற ஜப்பான்காரர்களுக்கு இந்த விஷயம் தெரியும். கேட்டோ, டோமிக்ஸ் வேகன்களில் பெட்டியை விரலால் கழற்றலாம், வேறு பெட்டி மாட்டலாம். பூட்டி வைப்பதற்கு என்றால் அதை எதற்குத் தனியாகக் கழற்றும்படி செய்ய வேண்டும்? மொத்தமாக ஒட்டிக் கொடுத்திருப்பார்களே!

கையில் எடுத்தால் என்ன தெரியும் என்று கேட்கிறீர்களா? 40 அடிப் பெட்டியின் நீளம் 12,192 மில்லிமீட்டர். 160-ஆல் வகுத்தால் 76.2. ஸ்கேல் வைத்து அளந்தால் அப்படியே வரும். இது எல்லோருக்கும் தெரிந்த வகுத்தல். எடை? அசல் காலிப் பெட்டி சுமார் 3,800 கிலோ. “மாடல் எவ்வளவு இருக்க வேண்டும்?” என்று, பொறியியல் படித்த என் பழைய மாணவர்கள் நான்கு பேரிடம் கேட்டேன். நான்கு பேரும் 160-ஆல் வகுத்தார்கள்! 24 கிலோ வருகிறது, உள்ளங்கையில் வைக்கிற பெட்டிக்கு. நீளம், அகலம், உயரம் மூன்றும் குறைகிறது அல்லவா? 160-ஐ மூன்று முறை பெருக்கினால் 40,96,000. அதனால் வகுத்தால் ஒரு கிராம்கூட வராது. சரக்கோடு சேர்த்து 30 டன் எடையுள்ள பெட்டியே ஏழரை கிராமுக்குள்தான். அதனால்தான் வேகன் தடம் புரளாமல் இருக்க அடியில் இரும்புத் தகடு வைக்கிறார்கள். கன அளவு சூத்திரம் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவர்கள்தான் அந்த நான்கு பேரும். கையில் ஒரு பெட்டி இருந்திருந்தால் அந்த 24 கிலோவைச் சொல்லியிருப்பார்களா?

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது. கன்டெய்னரின் பக்கத்தில் நான்கு எழுத்து, ஆறு எண், கடைசியில் கட்டத்துக்குள் ஒரு எண் இருக்கும். அந்தக் கடைசி எண் சும்மா இல்லை. எழுத்துகளுக்கு மதிப்பு உண்டு: ஏ 10, பி 12, சி 13... 11, 22, 33 மட்டும் விட்டுவிட வேண்டும். பத்து இடங்களையும் வரிசையாக 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போய்ப் பெருக்கி, கூட்டி, 11-ஆல் வகுத்தால் வருகிற மீதிதான் அந்த எண். மீதி 10 வந்தால் 0. ஒரு எண்ணைத் தவறாக எழுதினால் உடனே காட்டிக்கொடுத்துவிடும். என்னிடம் இருக்கிற மாடல்களில் இதைப் பூதக்கண்ணாடி வைத்துச் சரிபார்க்கிறேன். ஒரு நல்ல விலையுள்ள வேகனில் கணக்கு உதைக்கிறது! செய்தவர் யாரோ, வாய்க்கு வந்த எண்ணை அச்சடித்துவிட்டார். பிரிக்காமல் வைத்திருந்தால் இது தெரிந்திருக்குமா?

“நம்ம ஊர் வேகன் ஏன் வாங்கவில்லை மாமா?” என்று ஒரு மருமகள் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. நம் அகலப் பாதை 1,676 மில்லிமீட்டர். 160-ஆல் வகுத்தால் பத்தரை மில்லிமீட்டர் வரும். 9 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் சரியான அளவில் நிற்காது. வகுத்துப் பாருங்கள் அம்மா.

விலை ஏறும் என்கிற வாதத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். நன்றாக விற்கிற வேகனை நிறுவனங்கள் எண்ணை மாற்றி மறுபடியும் வெளியிடுகின்றன. பத்து வருடம் பூட்டி வைத்தவர் முகத்தைப் பார்க்க வேண்டும் அப்போது. சேமிப்பு வேண்டுமென்றால் தபால் ஆபீஸ் இருக்கிறது, போங்கள்.

“உடைச்சிடுவான் சார்.” உடைப்பான். கொக்கி போகும், சக்கரம் கழன்றுவிடும். கொக்கி தனியாகவே விற்கிறது. சக்கரத்தை அவனே மாட்டப் பழகுவான்.

அலமாரி வைத்திருக்கிற தம்பி, வருகிற ஞாயிற்றுக்கிழமை பீரோவிலிருந்து அந்தச் சாவியை எடுத்துப் பையனிடம் கொடுங்கள். நான் காலை பத்து மணிக்கு வீடியோ காலில் வருகிறேன். அவன் முதலில் எந்தப் பெட்டியைக் கழற்றுகிறான் என்று பார்க்க வேண்டும்.

மற்றவர்களுக்கு வீட்டுப்பாடம்: சி எஸ் க்யூ யு 305438. சி 13, எஸ் 30, க்யூ 28, யு 32. கடைசிக் கட்டத்தில் என்ன எண்? கூகுளைப் பார்க்காமல், செய்முறையோடு கமெண்டில் போடுங்கள். விடை மட்டும் எழுதினால் மதிப்பெண் கிடையாது, தெரியுமல்லவா?