ஓடும் கணினியை உடைக்காதீர்: ஸ்ரீவராகம் மக்களின் கோரிக்கைச் சாசனம்

கேரள அரசுக்கும், திருவனந்தபுரம் மாநகராட்சிக்கும், நகரின் அலுவலகங்கள், வங்கிகள், டெக்னோபார்க் நிறுவனங்களுக்கும் ஸ்ரீவராகம் பகுதிவாழ் மக்கள் முன்வைப்பது:

இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001 ஜூலையில் தொடங்கப்பட்டது இந்த நகரில்தான். அந்த ஆண்டில் பிறந்த ஐடி@ஸ்கூல் திட்டம் இன்று 'கைட்' என்னும் அரசு நிறுவனமாகிப் பள்ளிக் கணினிகளை க்னூ/லினக்ஸில் இயக்குகிறது. எங்கள் பிள்ளைகளுக்கு அது கைப்பழக்கமான மென்பொருள். ஆனால், பள்ளி விட்டு வந்தால் தொட்டுப் பழகக் கணினி இல்லாத வீடுகள் இங்கே இன்னும் உண்டு.

அதே நகரில் ஓடுகிற கணினிகள் கழிக்கப்படுகின்றன. 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதி இல்லாத கணினிகளும் பழைய செயலி கொண்டவையும் விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறுவதில்லை. தகுதி இல்லை என்பதால் அவை பழுதாகிவிடவில்லை. 4 ஜிபி ராமும் ஓர் எஸ்எஸ்டியும் இருந்தால் லுபுண்டு என்னும் லினக்ஸ் இயங்குதளத்தில் பாடம், விண்ணப்பம், கணக்கு எல்லாம் நடக்கும். உரிமக் கட்டணமும் இல்லை. அவற்றை உடைத்தால் மிஞ்சுவது ஈயம் கலந்த குப்பை.

ஆகவே நாங்கள் கோருவது:

1. அரசு அலுவலகங்கள் கணினியைக் 'கண்டம்' செய்து கழிக்குமுன் மறுபயன்பாட்டுக்கு ஆகுமா என்று சோதித்துப் பதிவு செய்ய வேண்டும். ஆகும் என்றால் ஏலத்துக்கு விடக் கூடாது.

2. ரகசியம் கசியும் என்ற அச்சம் நியாயமானது. ஹார்டு டிஸ்க்கை முழுமையாக அழித்துச் சான்று தரட்டும். அழிக்க முடியாவிட்டால் டிஸ்க்கை மட்டும் கழற்றி உடைக்கட்டும். கணினி பிழைக்கட்டும்.

3. மாநகராட்சி ஒரு பழுதுபார்ப்புக் கூடம் அமைக்க வேண்டும். ஐடிஐ, பாலிடெக்னிக் மாணவர்கள் உதவித்தொகையுடன் அங்கே பயிலட்டும். கைட்டும், கட்டற்ற மென்பொருளுக்கான அரசு மையமான ஐசிஃபாஸும் வழிகாட்டட்டும்.

4. வீட்டில் கணினி இல்லாத மாணவர்கள், கடலோர மீனவர் குடும்பங்கள், கிராமிய நூலகங்கள் ஆகியோருக்குச் சீராக்கிய கணினிகளை முதலில் தர வேண்டும். பார்வையற்றோருக்கு ஓர்கா திரைவாசிப்பானை நிறுவித் தர வேண்டும்.

5. மலையாளத்தோடு தமிழ் இடைமுகமும் தட்டச்சும் இருக்க வேண்டும். நகரின் சாலை, கரமனை பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன.

6. வீடுதோறும் கழிவு சேகரிக்கும் ஹரித கர்ம சேனை திரட்டும் மின்கழிவில் ஓடக்கூடியவற்றைத் தனியே பிரிக்க வேண்டும். அந்தக் கூடுதல் உழைப்புக்குத் தனி ஊதியம் வேண்டும்.

7. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகள் புதுப்பிப்போரையும் அங்கீகரிக்கின்றன. மறுவாழ்வும் முடிந்த கணினிகளைத் திரும்பப் பெற்றுப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடமே ஒப்படைக்க வேண்டும்.

எங்கள் வீட்டுப் பரணில் கிடக்கும் கணினிகளை முதலில் நாங்களே தருகிறோம். நிறுவவும் கற்றுக்கொடுக்கவும் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகளையும் தருகிறோம். நாங்கள் தானம் கேட்கவில்லை. மக்கள் வரிப்பணத்தில் வாங்கிய கருவி, ஓடும்வரை மக்களுக்கே உழைக்க வேண்டும் என்கிறோம். ஒவ்வொரு கோரிக்கைக்கும் எழுத்துமூலம் பதில் வேண்டும்.

இவண்,
ஸ்ரீவராகம் பகுதிவாழ் மக்கள்