போஸ் ஆபிஸை மூடச் சொல்றவங்களுக்கு ஒரு வார்த்தை

 

"போஸ் மலேசியா வருஷா வருஷம் நஷ்டம், இழுத்து மூடிட்டு தனியார் கூரியர்கிட்ட கொடுத்துட்டா என்ன?"ன்னு நம்ம கோயில் வாட்சாப் குரூப்ல சிலர் எழுதுறீங்க. நான் இதை ஒத்துக்க மாட்டேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

கடிதம் குறைஞ்சது உண்மைதான். டென்மார்க்ல 2025 டிசம்பர் 30ஆம் தேதியோட அரசு அஞ்சல் கடிதம் கொடுக்கிறதையே நிறுத்திடுச்சு. ஆனா கடிதம் போன இடத்துல பார்சல் வந்திருக்கு. 2020ல ஆளுக்கு 14 பார்சல்னு இருந்ததை 2025ல 30 ஆக்கணும்னு எம்சிஎம்சியே இலக்கு வெச்சது. அந்தப் பார்சல் எல்லாம் ஏன் போஸ்லாஜூக்கு வரல?

கூரியர் லைசென்ஸை நூத்துக்கும் மேல அள்ளிக் கொடுத்துட்டு, 2020 செப்டம்பர்லதான் புதுசா கொடுக்கிறதை நிறுத்தி வெச்சாங்க. அதைவிடப் பெரிய காரணம், ஷோப்பிக்கும் லசாடாவுக்கும் சொந்த டெலிவரி இருக்கு. கடையும் அவங்களோடது, லோரியும் அவங்களோடது. காசு கட்டுற நமக்கு எந்தக் கூரியர் வேணும்னு கேட்கிற உரிமை பெரும்பாலும் இல்ல. பந்தயத்துல ஓடுறவனே விசிலும் ஊதினா, அது என்ன போட்டி?

நான் பேக்டரி சுப்பர்வைசர், அதனால கணக்கா சொல்றேன். தாமான்ல ஒரு ரோட்டுல வேனை நிறுத்தினா பத்து பார்சல் இறங்கும். தோட்டத்துக்குள்ள மண் ரோட்டுல போனா ஒண்ணுதான் இறங்கும். லாபம் பார்க்கிறவன் எங்க போவான்? ஆனா 2012 அஞ்சல் சேவைச் சட்டப்படி எல்லா ஊருக்கும் அடிப்படை சேவை கொடுக்கிற கடமை போஸ் மலேசியா தலையில இருக்கு. சுமையை ஒருத்தன் தூக்குறான், லாபத்தை மத்தவன் எடுக்கிறான். அப்புறம் நஷ்டம்னு சிரிக்கிறோம்.

பெக்கான் நானாஸ் சுத்தி அன்னாசித் தோட்டமும் செம்பனையும்தான். வீட்டு நம்பர் சரியா இல்லாத அம்மாக்கள் கோயில் அட்ரஸைத்தான் கொடுக்கிறாங்க. கோயில் கேட்டுக்கு வெளிய மழையில பெட்டியை வெச்சு போட்டோ எடுத்துட்டு, "டெலிவர்ட்"னு அனுப்பின கூரியரும் உண்டு. பேர் வேண்டாம். போஸ்மேனுக்கு எந்த வீட்டுல யார் இருக்காங்கன்னு தெரியும். அந்த அறிவை எந்த ஆப்பும் தராது.

அதுக்காக போஸ் மலேசியா செய்யறதெல்லாம் சரின்னு சொல்லல. கோலாலம்பூர்ல விலையைக் குறைச்சு சண்டை போட்டா தோத்துடுவாங்க. அவங்க பலம் சின்ன ஊர் கவுண்டர். எந்தக் கம்பெனி பார்சலா இருந்தாலும் அங்க எடுக்கலாம், திருப்பி அனுப்பலாம்னு ஆக்கட்டும். வேலை முடிஞ்சு வர்றவங்களுக்காக சாயங்காலமும் திறக்கட்டும். முறுக்கு, அன்னாசி ஜாம் விக்கிற நம்ம அக்காங்களுக்கு மலிவா ஒரு கட்டணம் போடட்டும்.

இந்தியாவுல பாருங்க. 2020ல சபரிமலைக்குப் போக முடியாத பக்தர்களுக்கு, அரவணை, நெய், விபூதி எல்லாம் வெச்ச பிரசாதப் பெட்டியை இந்திய அஞ்சல்துறை 450 ரூபாய்க்கு ஸ்பீட் போஸ்ட்ல வீட்டுக்கே அனுப்புச்சு. தேவஸ்வம் போர்டோட சேர்ந்து செஞ்ச வேலை. மூலை முடுக்கெல்லாம் தபால்காரர் இருந்ததால நடந்தது.

அரசாங்கம் செய்ய வேண்டியது ரெண்டு. ஒண்ணு, ஆப்ல வாங்கும்போது கூரியரை நாமே தேர்ந்தெடுக்கிற மாதிரி சட்டம் வேணும். ரெண்டு, உட்புறச் சேவை நிதிக்கு டெலிபோன் கம்பெனிங்க நிகர வருமானக் கணக்குல 6 விழுக்காடு கட்டுறாங்க இல்லையா, அதே மாதிரி பெரிய கூரியர் கம்பெனிகளும் தோட்டப்புற டெலிவரிக்குப் பங்கு போடட்டும்.

உண்டியல் நிறையற கோயில்ல மட்டும் விளக்கேத்தினா போதும்னு நாம சொல்வோமா? தோட்டத்துக் கோயில்லயும் தினம் விளக்கு எரியணும்னுதானே கைங்கரியம் செய்யறோம்? தபாலும் அப்படித்தான்.

மாற்றுக் கருத்து இருந்தா கமெண்ட்ல மரியாதையா எழுதுங்க. அம்மன் எல்லாருக்கும் துணை இருக்கட்டும்.