ஆழம் போன ஆறு

பாரிமுனையில் பஸ் ஏறி வடக்கே போனால் ராயபுரம் வரும், தண்டையார்பேட்டை வரும், திருவொற்றியூர் வரும். அப்புறம் எண்ணூர். சென்னை மாநகரம் வடக்கே இங்கேதான் முடிகிறது.

ஊர் முடிகிற இடத்தில் ஓர் ஆறு கடலில் விழுகிறது. அதன் பெயர் கொசஸ்தலை ஆறு. அதன் கரையில் காட்டுக்குப்பம் என்று ஒரு மீனவர் ஊர் இருக்கிறது. பெயரில்தான் காடு. கரையில் நின்று பார்த்தால் கண்ணில் படுவது புகைபோக்கிகளும் மின்சாரக் கம்பிகளும்.

மீனவர் என்றதும் கடல்தான் நினைவுக்கு வரும். காட்டுக்குப்பத்து ஜனங்களுக்கு ஆறுதான் வயல். உப்புத் தண்ணீரும் நல்ல தண்ணீரும் கலக்கிற அந்த முகத்துவாரத்தில் வலை வீசித்தான் தலைமுறை தலைமுறையாக அவர்கள் பிழைத்து வந்திருக்கிறார்கள். பக்கத்துக் குப்பங்களின் கதையும் இதுதான்.

சென்னைக்காரர்களிடம் ஆற்றின் பெயர் கேட்டால் கூவம் என்பார்கள், அடையாறு என்பார்கள். கொசஸ்தலையை யாரும் சொல்வதில்லை. ஆனால் மூன்றில் பெரியது இதுதான். சித்தூர் பக்கத்து மலைத் தண்ணீரையும் சேர்த்துக்கொண்டு பூண்டி ஏரிக்கு வந்து, அங்கே மிஞ்சியதை எண்ணூரில் கடலுக்குக் கொடுக்கிறது. ஏரி நிரம்பி மதகு திறந்தால் அந்த வெள்ளம் முழுவதும் காட்டுக்குப்பத்தைத் தாண்டித்தான் போக வேண்டும்.

இறாலின் தொட்டில்

இறால் கடலில் முட்டையிடுகிறது. குஞ்சுகள் அலையோடு முகத்துவாரத்துக்குள் வருகின்றன. சேற்றிலும் கண்டல் செடிகளின் வேரிலும் ஒதுங்கி வளர்கின்றன. பெரிதானதும் கடலுக்குத் திரும்புகின்றன. மடவையும் கொடுவாயும் நண்டும் இங்கே கிடைப்பதற்குக் காரணம் இந்தக் கலங்கிய தண்ணீர்தான். முகத்துவாரம் மணலால் அடைபட்டால் குஞ்சு உள்ளே வர முடியாது. ஆறு மேடிட்டால் வந்த குஞ்சு தங்க முடியாது. மீனவர் பிழைப்பு முழுவதும் இந்த இரண்டு விஷயங்களில் அடங்கியிருக்கிறது.

வலையே இல்லாமல், முழங்கால் தண்ணீரில் இறங்கிச் சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பவர்களும் உண்டு. படகும் வலையும் வாங்க வசதி இல்லாத ஏழைகளுக்கு அந்தச் சேறுதான் சோறு போட்டது.

துரைமார்கள் கண்ட எண்ணூர்

வெள்ளைக்காரர் காலத்தில் எண்ணூர் ஓர் உல்லாச ஸ்தலம் என்றால் இன்று யார் நம்புவார்கள்? பட்டணத்துத் துரைமார்கள் இங்கே பங்களா கட்டிக்கொண்டு, படகு விட்டு, மீன் விருந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

உப்பளங்களும் இருந்தன. பட்டணத்துக்கும் எண்ணூருக்கும் இடையே பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காக்ரேன் என்ற வெள்ளைக்காரர் கால்வாய் வெட்டினார். உப்பு ஏற்றிய படகுகள் அதில் போய் வந்தன. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். அப்போது கூலிக்குத் தவித்த ஜனங்களைக் கொண்டு கால்வாயை அடையாறு வரை இணைத்தார்கள். அன்றைய கவர்னரின் பெயரால் அது பக்கிங்காம் கால்வாய் ஆயிற்று. உப்பு கொண்டுவந்த அதே கால்வாய் பிற்காலத்தில் என்ன கொண்டுவந்தது என்பதைப் பின்னால் பார்க்கலாம்.

இன்னொரு விஷயமும் உண்டு. நம் கரையோரத்தில் வருஷத்தில் பெரும்பகுதி நாட்கள் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1870-களில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் சுவர் போட்டார்கள். வந்த மணல் சுவருக்குத் தெற்கே தேங்கியது; மெரினா அகலமானது. வடக்கே மணல் போய்ச் சேராததால் ராயபுரம் முதல் எண்ணூர் வரை கடல் கரையைத் தின்றது. மெரினாவில் சுண்டல் வாங்கித் தின்றபடி குழந்தைகள் விளையாடும் மணலில், வடசென்னைக்கு வரவேண்டிய பங்கும் இருக்கிறது!

சாம்பல் வந்தது

1970-ல் எண்ணூர் அனல் மின் நிலையம் ஓடத் தொடங்கியது. 1990-களில் ஆற்றின் அக்கரையில் வடசென்னை அனல் மின் நிலையம் வந்தது. 2001-ல் எண்ணூர்த் துறைமுகம். 2014-ல் அதற்குக் காமராஜர் பெயர் சூட்டினார்கள். மின்சாரம் வேண்டாம் என்று எந்த மீனவரும் சொல்லவில்லை. அவர்கள் வீட்டிலும் விளக்கு எரிகிறது.

ஆனால் நம் நாட்டு நிலக்கரியில் சாம்பல் அதிகம். பத்து மூட்டை எரித்தால் மூன்று, நான்கு மூட்டை சாம்பல் மிஞ்சும். அதைத் தண்ணீரில் கரைத்து, குழாய் வழியாகச் செப்பாக்கம் சாம்பல் குட்டைக்கு அனுப்பினார்கள். குழாய்கள் பல இடங்களில் ஒழுகின. ஒழுகியது ஆற்றில் இறங்கியது. கீழே போய்ப் படிந்து சிமெண்டு மாதிரி இறுகியது. படகு மிதந்த இடத்தில் மனிதன் நடந்து போகலாம் என்றாகிவிட்டது. இயந்திரங்களைக் குளிர வைத்த வெந்நீரும் அதே ஆற்றுக்கு வந்தது.

1996-ல் மத்திய சர்க்கார் ஒப்புக்கொண்ட கடற்கரை வரைபடத்தில், இந்த நீர்ப்பரப்பு கட்டடம் கட்டக்கூடாத இடம் என்று குறிக்கப்பட்டிருந்தது. கோடு காகிதத்தில் இருந்தது. கட்டடங்கள் கோட்டுக்குள் எழுந்தன.

மீனவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். சாம்பல் மாசுக்கு மின்வாரியமே பொறுப்பு என்று 2022 ஜூலையில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தீர்ப்புக் கூறியது. எழுத்தறிவு குறைந்த மீனவர்கள் நீதிமன்றப் படியேறி இதைச் சாதித்தது லேசான காரியமா?

போதாக்குறைக்குத் தென் அமெரிக்காவிலிருந்து ஓர் ஆளி வந்து சேர்ந்திருக்கிறது. கப்பல்களோடு வந்திருக்கலாம் என்பது விஞ்ஞானிகள் கருத்து. மீனவர்கள் அதைக் 'காக்கா ஆழி' என்கிறார்கள். பாய் விரித்த மாதிரி ஆற்றின் அடியை மூடிவிடுகிறது. இறால் ஒதுங்கச் சேறு இல்லை.

எண்ணெய் வந்த டிசம்பர்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தது. பக்கிங்காம் கால்வாயில் வெள்ளம் புரண்டது. மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வளாகத்திலிருந்து கசிந்த எண்ணெய் அந்த வெள்ளத்தோடு எண்ணூருக்கு வந்தது. படகு, வலை, வீட்டுச் சுவர், கண்டல் செடி எல்லாவற்றிலும் கரி பூசியதுபோல் எண்ணெய். கூழைக்கடாக்களின் வெள்ளைச் சிறகு கறுத்துவிட்டது. அந்த எண்ணெயை அள்ள இறங்கியவர்களும் மீனவர்களே. வாளியாலும் மக்காலும் மொண்டு பீப்பாயில் ஊற்றினார்கள்.

பாதிக்கப்பட்ட மீனவர் குடும்பத்துக்கு 12,500 ரூபாய் நிவாரணம் என்று சர்க்கார் அறிவித்தது. கொடுத்தது நியாயம். ஆனால் விபத்து, நிவாரணம், மறதி என்று இந்தக் கணக்கு எத்தனை நாளைக்கு ஓடும்? பணம் இரண்டு மாத அரிசிக்கு ஆகும். ஆற்றின் அடியில் உறைந்த சாம்பலை அது கரைக்காது.

"வேறு வேலைக்குப் போகட்டுமே" என்று சிலர் சொல்கிறார்கள். வலை பின்னவும், நீரோட்டம் பார்க்கவும், எந்தக் காற்றில் எந்த மீன் வரும் என்று கணிக்கவும் தெரிந்தவரை ஆலை வாசலில் காண்டிராக்ட் கூலியாக நிறுத்துவது என்ன முன்னேற்றம்? ஆலை ஒருநாள் மூடப்படும். எண்ணூர் அனல் மின் நிலையமே 2017-ல் மூடப்பட்டதே!

மீனவர் கேட்பது ஆழம். முகத்துவாரத்தைத் தூர் வாருங்கள், சாம்பலை அள்ளுங்கள், குழாயை ஒழுகாமல் வையுங்கள் என்கிறார்கள். இதில் பட்டணத்து ஜனங்களின் சுயநலமும் இருக்கிறது. ஆறு மேடானால் மழை வெள்ளம் எங்கே போகும்? மணலிப் பக்கம் வீடுகளுக்குள் புகும். 2015-லும் 2023-லும் அங்கே தண்ணீர் புகுந்ததைப் பார்த்தோம். ஆழமான ஆறு மீனவருக்குச் சோறு என்றால், மற்றவர்களுக்கு அது வெள்ளத்துக்கு வடிகால்.

தூர் வாரும் வேலையை அதிகாரிகள் மட்டும் திட்டமிட்டால் போதாது. எங்கே எத்தனை முழம் ஆழம் இருந்தது என்பது காட்டுக்குப்பத்துப் பெரியவர்களுக்கு மனப்பாடம். அவர்களைப் படகில் ஏற்றிக்கொண்டு போய் இடம் இடமாகக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். அடுத்த ஐப்பசி மழை வருவதற்குள் அதைச் செய்யலாம்.