பெங்கால் பூனை நம் வீட்டுக்கு ஆகுமா?

போன மாதம் என் பேத்தி கைப்பேசியில் ஒரு பூனைப் படத்தைக் காட்டினாள். உடம்பெல்லாம் சிறுத்தைப் புள்ளி, பட்டு மாதிரி மயிர். "தாத்தா, இது பெங்கால் பூனை. என் பிறந்த நாளுக்கு இதுதான் வேணும்" என்றாள். மகனும் மருமகளும், "தாத்தா என்ன சொல்றாரோ அதான்" என்று பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

முப்பத்துநாலு வருஷம் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவனிடம் முடிவு கேட்டால் என்ன செய்வான்? கோப்பு திறப்பான். நானும் ஒரு நோட்டில் நடுவே கோடு போட்டு, இந்தப் பக்கம் சாதகம், அந்தப் பக்கம் பாதகம் என்று எழுத ஆரம்பித்தேன். என் வயதுக்காரர்கள் சிலர் வீட்டிலும் இந்தப் பேச்சு நடப்பதால் அதை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

பெயரைப் பார்த்து வங்காளத்துப் பூனை என்று நினைத்துவிடாதீர்கள். இந்த இனம் உருவானது அமெரிக்காவில். ஆசியக் காடுகளில் திரியும் சிறுத்தைப் பூனையை வீட்டுப் பூனையோடு சேர்த்து, ஜீன் மில் என்ற அம்மையார் 1960-களில் தொடங்கி, 1980-களில் இதை ஓர் இனமாக வளர்த்தெடுத்தார். சிறுத்தைப் பூனையின் அறிவியல் பெயரில் 'பெங்காலென்சிஸ்' என்று வரும்; அதிலிருந்துதான் இந்தப் பெயர். நம் நாட்டில் அந்தக் காட்டுப் பூனைக்கு 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவல் உண்டு, வீட்டில் வைக்கக் கூடாது. அதிலிருந்து நாலு தலைமுறை தள்ளிப் பிறந்ததைத்தான் வீட்டுப் பூனையாகக் கணக்கில் எடுப்பார்கள். ஆகவே யாராவது "இது நேரே காட்டு ரத்தம் சார்" என்று பெருமையாக விற்க வந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

நான் புதுச்சேரியில் ப்ரெவே வரை பிரெஞ்சில் படித்தவன். அந்த மொழியில் ஒரு வழக்கு உண்டு. பொருளைப் பார்க்காமல் வாங்குகிறவனை, 'பைக்குள் இருக்கிற பூனையை வாங்கினான்' என்பார்கள். எங்கள் வாத்தியார் அதைச் சொல்லும்போது சிரித்தோம். இப்போது அது நிஜமாகவே என் வீட்டுக்கு வந்துவிட்டது. எனவே பேத்தியைக் கூட்டிக்கொண்டு, சென்னையில் இந்தப் பூனை வளர்க்கும் உறவினர் வீட்டுக்குப் போனேன்.

பூனை அழகுதான், சந்தேகமே இல்லை. கெட்டிக்காரத்தனமும் உண்டு. நாங்கள் உட்காருவதற்குள் சோபாவிலிருந்து அலமாரி, அலமாரியிலிருந்து திரைச்சீலைக் கம்பி என்று ஏறிவிட்டது. குழாயைத் திறந்தால் ஓடி வந்து தண்ணீரில் கை வைத்து விளையாடுகிறது. பேத்திக்கு ஒரே குதூகலம். ஆனால் அந்த வீட்டில் கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். காலை ஒன்பதுக்குக் கதவைப் பூட்டினால் மாலை ஆறரைக்குத்தான் திறக்கிறார்கள். நாங்கள் கிளம்பியபோது அது ஜன்னல் கம்பிக்கும் வாசற்கதவுக்கும் நடந்து நடந்து கத்திக்கொண்டிருந்தது. பேத்தி காரில் ஒன்றும் பேசவில்லை.

சிறுவயதில் எங்கள் வீட்டிலும் பூனைகள் இருந்தன. முற்றம், கிணற்றடி, பின்கட்டு, மேலே ஓட்டுக் கூரை எல்லாம் அவற்றின் ராஜ்யம். அம்மா மீன் தலையைச் சோற்றில் பிசைந்து வைப்பாள். தின்றுவிட்டு எலி பிடிக்கப் போய்விடும். பூனைக்கு விளையாட்டுக் காட்ட வேண்டும் என்று யாரும் நினைத்ததில்லை. இன்று நாங்கள் இருப்பது இரண்டாவது மாடியில், இரண்டு படுக்கையறை வீடு. அங்கே அந்த ஓட்டத்துக்கெல்லாம் மனிதர்தான் ஈடுகொடுக்க வேண்டும். காலையில் அரை மணி, மாலையில் அரை மணி, தினமும், மழையானாலும் பரீட்சையானாலும்.

இனி என் நோட்டில் பாதகம் பக்கம் எழுதியது. என் மனைவி இரண்டு வருஷத்துக்கு முன் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவள். வாக்கர் பிடித்துத்தான் நடக்கிறாள். பாய்கிற பூனை ஒரு தரம் காலுக்குள் புகுந்தால் போதும். அடுத்தது வயதுக் கணக்கு. பூனை பன்னிரண்டு, பதினைந்து வருஷம் வாழும். பேத்தி ஒன்பதாம் வகுப்பு. அவள் கல்லூரிக்கு விடுதி போகும்போது பூனைக்கு நாலு வயது, துள்ளுகிற பருவம். எனக்கு எழுபத்தெட்டு. வீட்டில் பகல் முழுக்க இருப்பது நாங்கள் இருவர் மட்டும். பிறந்த நாள் பரிசு பேத்திக்கு, வளர்ப்பது கிழவனும் கிழவியும்.

அதனால் என் கருத்து இதுதான். ஒரு பூனை இனம் நல்லதா கெட்டதா என்று கேட்பதில் பயன் இல்லை. அதற்குத் தினமும் ஒரு மணி நேரம் தர வீட்டில் யார் இருக்கிறார்கள், பத்து வருஷம் கழித்தும் இருப்பார்களா என்று கேளுங்கள். வலை அடித்த மொட்டை மாடி, ஓடியாடும் இரண்டு பிள்ளைகள், பகலில் ஆள் இருக்கும் வீடு என்றால் தாராளமாக வாங்கலாம். எங்களைப் போன்ற வீட்டுக்கு வேண்டாம்.

வீடு திரும்பியதும் பேத்தியே கேட்டாள். "அப்போ பூனையே வேண்டாமா தாத்தா?"

"அப்படிச் சொல்லலம்மா. இரண்டு மூணு வயசான நாட்டுப் பூனையா பார்ப்போம். குட்டியா இருந்தா குணம் தெரியாது, வளர்ந்ததுன்னா தெரிஞ்சிடும். பாட்டி காலைச் சுத்தாத சாதுவா ஒண்ணு."

கருத்தடை செய்வது, வெறிநாய்க்கடி நோய்க்கான ஊசி போடுவது, பால்கனிக்கு வலை அடிப்பது ஆகிய மூன்றையும் பூனை வருவதற்கு முன்பே நோட்டில் எழுதிவிட்டேன். கடைசியில் ஒரு வரி மட்டும் மீதி இருந்தது: எங்களுக்கு ஏதாவது ஆனால் பூனை யாரிடம் போகும்? அதற்கு எதிரே மகன் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டான். அதன் பிறகுதான் கோப்பை மூடினேன்.