வரட்சியைக் கிணற்றில் அளத்தல் வேண்டும்

வரட்சி என்றதும் வானத்தை அண்ணாந்து பார்த்தல் மனித இயல்பு. அவ்வியல்பையே ஆய்வு முறையாகவும் நிவாரணக் கொள்கையாகவும் கொள்வோர், யாழ்ப்பாணக் குடாநாட்டைப் பொறுத்தவரை பெருந்தவறு இழைக்கின்றனர்.

குடாநாட்டில் வற்றாத ஆறு எதுவும் இல்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடுகின்றது. வடகீழ்ப் பருவக்காற்று ஐப்பசி முதல் மார்கழி வரை தரும் மழையே மயோசீன் காலச் சுண்ணக்கற்பாறையின் வெடிப்புகளினூடே இறங்கி, உவர்நீரின்மேல் வில்லை வடிவில் மிதக்கும் நன்னீராகின்றது. வெங்காயமும் புகையிலையும் குடிநீரும் அதனையே நம்பியுள்ளன. மழை ஓய்ந்த மாதங்களில் மக்கள் வாழ்வது இச்சேமிப்பினாலாகும். சேமிப்பை அளவாது வரவை மட்டும் அளப்பவன் வறுமையை எங்ஙனம் அறிவான்?

சில நாட்களிற் கொட்டித் தீர்க்கும் மழையின் பெரும்பகுதி கடலை அடைந்துவிடலாம். மழைமானி அவ்வாண்டை வழமையானதென்று கூறும். பங்குனியிற் கிணறு வேறு கதை கூறும். தெரிவுசெய்யப்பட்ட கிணறுகளின் நீர்மட்டத்தை மாதந்தோறும் அளந்து, அதே மாதத்துக்குரிய பல்லாண்டுச் சராசரியோடு ஒப்பிட்டால், ஆவணியில் வரவிருக்கும் இடரை மாசியிலேயே உணரலாம். இதற்கு வேண்டியவை ஓர் அளவுநாடாவும், ஒரு பதிவேடும், இடையறாத ஒழுங்குமேயாம்.

நீர்மட்டம் தாழ்வதற்கு இயந்திர இறைப்பே காரணம், அதனை வரட்சியெனக் கொள்ளலாகாது என்பர் சிலர். இவ்வாதத்தில் உண்மை உண்டு. ஆயினும் அளவீட்டைக் கைவிட அது நியாயமாகாது. இறைப்பின் தாக்கத்துக்கு அப்பாற்பட்ட கிணறுகளையும் நாளும் இறைக்கப்படும் கிணறுகளையும் ஒப்பிடும்போதே, இயற்கையின் குறை எவ்வளவு, மனிதரின் மிகை எவ்வளவு என்பது புலனாகும். அளவாதவிடத்து இரு பழியும் வானத்தின்மேலேயே சுமத்தப்படும்.

நீர்மட்டத்தோடு உவர்த்தன்மையும் அளக்கப்படல் வேண்டும். கைபன்-ஹேர்ஸ்பேர்க் விதியின்படி, கடல்மட்டத்துக்கு மேலுள்ள நன்னீர் 1 அடி தாழ்ந்தால், சமநிலையில் கீழேயுள்ள உவர்நீர் ஏறத்தாழ 40 அடி மேலெழும். புத்தூர் நிலாவரையில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருத்தலை யாவரும் அறிவர். கிணற்றில் நீர் இருந்தும் வாய்க்குதவாத வரட்சியும் உண்டென்பதை மறத்தலாகாது.

ஆதலின், ஊர்தோறும் ஒரு கிணறேனும் முறையாக அளக்கப்படல் வேண்டும். கமக்காரர் அமைப்புகளும் புவியியல் பயிலும் மாணவரும் இப்பணியில் இணைதல் வேண்டும். பயிர் கருகிய பின்னர் வழங்கப்படும் நிவாரணம் ஒரு போகத்தின் இழப்பைச் சிறிது தணிக்கலாம். உவரேறிய கிணற்றை அது நன்னீராக்காது.